காரியம் சொல்லப் போன சைக்கிள்: ராயபுரத்திலிருந்து நெட்டுக்குப்பம் வரை

ராயபுரத்திலிருந்து வடக்கே எண்ணூர் வரை சைக்கிளில் போக முடியுமா, கன்டெய்னர் லாரிகளுக்குப் பயப்பட வேண்டாமா என்று போன பதிவின் கீழே சிலர் கேட்டிருந்தார்கள். போக முடியும். பயப்படவும் வேண்டும். இரண்டையும் சேர்த்து எழுத எனக்குத் தெரிந்த நல்ல வழி, போன ஆனி மாதம் நான் போய் வந்ததை அப்படியே எழுதுவதுதான். அது ஊர் சுற்றப் போன பயணம் இல்லை. என் அண்ணி அஞ்சலையின் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தக்காரர்களிடம் சொல்லப் போனேன். ஆனாலும் வழி அதே வழிதான், லாரியும் அதே லாரிதான்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் ஏழுமலை. எனக்கு எழுபத்தொரு வயது. காசிமேட்டில் விசைப்படகில் தொழில் செய்தேன். உடம்பு தளர்ந்த பிறகு ஏலக்கூடத்தில் ஐஸ் உடைத்தேன். எழுதப் படிக்கக் கற்றது இரண்டு வருடமாகத்தான், மாநகராட்சிப் பள்ளியில் நடந்த மாலை வகுப்பில். செல்போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு எழுதுகிறேன். ஒரு பதிவு முடிய வாரக் கணக்கில் ஆகிறது. அந்த வாரங்கள் எனக்குத் திருவிழா மாதிரி. காலையில் கண் விழித்ததும் நேற்று எந்த வார்த்தையில் விட்டோம் என்றுதான் முதலில் நினைப்பு வருகிறது.

என் சைக்கிள் இருபத்திரண்டு இஞ்ச் பழைய வண்டி. கியர் கிடையாது. பின்னால் கனமான இரும்புக் கேரியர், ஐஸ் பெட்டி கட்டுவதற்காக அந்தக் காலத்தில் பற்றவைத்தது. நீண்ட தூரம் போகிறவர்கள் எடை குறைந்த வண்டி வாங்கச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்துச் சாலைக்குக் கனமான வண்டிதான் நல்லது என்பது என் அனுபவம். பெரிய லாரி உரசினாற்போல் போகும்போது அதன் காற்று லேசான வண்டியை உள்ளே இழுக்கும்.

அண்ணி விஷயத்தைச் சொல்லாமல் பயணம் புரியாது. எங்கள் மீனவர் குடும்பங்களில் ஒரு பெண் இறந்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். கோடி என்றால் தண்ணீர் படாத புதுப் புடவை. அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து உடம்பின் மேல் போட்ட பிறகுதான் தூக்குவோம். அண்ணிக்கு ஒரே தம்பி, பெயர் வேதாசலம். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் மகள் செல்வி வீட்டில் இருக்கிறார். அண்ணி இறந்த காலையில் அவள் மகன் சேகர் அந்த வீட்டுக்குப் போன் செய்தான். செல்விதான் எடுத்தாள். கேட்டுக்கொண்டு, சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அதன் பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. வெயில் சாயும் வரை உடம்பை வைத்திருந்தோம். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். யாரும் வரவில்லை. கோடி இல்லாமலே அண்ணியை எடுத்தோம்.

சேகரால் அதைத் தாங்க முடியவில்லை. கொள்ளி வைத்தவன், காரியம் முடியும் வரை ஊர் தாண்டக் கூடாது. மூலையில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னான்.

"நீ போயி சொல்லிட்டு வா சித்தப்பா. மொறைக்கு நேர்ல சொன்னாப் போதும். பதினாறுக்காவது கோடி வந்தா, கல்லு மேல போட்டு, நடந்தத மனசார உட்டுடுவேன். அன்னிக்கும் வரலன்னு வையி, அந்த வூட்டுக்கு நான் தல முயுவிடுவேன். அப்பால மாமன் இல்ல, ஒண்ணும் இல்ல."

கல் என்பது காரியத்தன்று இறந்தவருக்காகக் கடற்கரையில் நடுவது. தலை முழுகுவது என்றால் உறவை அறுத்துவிடுவது. கோபத்தில் வந்த பேச்சு இல்லை அது. மெதுவாகத்தான் சொன்னான். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

காலை ஐந்தேகாலுக்கு ராயபுரத்தில் கிளம்பினேன். இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு துண்டு, பஞ்சர் பசை, காற்றடிக்கும் பம்பு. எங்கள் தெருமுனைச் சுவரில் அண்ணியின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இன்னும் கிழியாமல் இருந்தது. அதில் 'அஞ்சலை' என்று அவள் பெயரைப் படித்துவிட்டு ஏறி மிதித்தேன். வட சென்னைச் சுவரெல்லாம் இந்தப் போஸ்டர்தான். முன்பு எனக்கு அவை வெறும் முகங்கள். இப்போது ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. துக்கமான காகிதம்தான். ஆனாலும் படிக்க முடிகிறதே என்று உள்ளே ஒரு சந்தோஷம் வந்துவிடுகிறது. அதை மறைக்க மாட்டேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டும் வரை சாலையெல்லாம் ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும். சைக்கிள் வழுக்கும். முன் பிரேக்கைத் தொடாதீர்கள். அதைத் தாண்டினால் கடலோரமாகவே சாலை போகிறது. வலப்பக்கம் அலை தடுக்கப் போட்ட பாறைகள், இடப்பக்கம் வீடுகள். ஆறு மணிக்கு முன்னால் அந்த வழியில் போனால் தென்மேற்கிலிருந்து தரைக்காற்று முதுகோடு சாய்ந்து வரும், மிதிப்பது தெரியாது. ஆறு கிலோமீட்டர். ஆறேகாலுக்குத் திருவொற்றியூர்.

அங்கே கடலோரக் குப்பத்தில் என் பெரியப்பா மகள் கன்னியம்மா இருக்கிறாள். மீன் விற்கிறவள். வாசலில் மீன் சுமக்கும் அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் இறங்கினேன், சைக்கிளை வந்த திசைக்கே திருப்பி நிறுத்தினேன். அதன் பிறகுதான் அவள் வாசலுக்கு வந்தேன்.

இது எங்கள் வழக்கம். சாவோ காரியமோ சொல்லப் போகிறவன், முதலில் வண்டியைத் தன் ஊரைப் பார்த்துத் திருப்பிவிட வேண்டும். வாசலில் நின்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அதனால் திரும்பி நிற்கிற வண்டியைப் பார்த்ததுமே குப்பத்து மனிதர்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

கன்னியம்மா சாவுக்கே வந்து எங்கள் கூடவே கிடந்தவள். அவளுக்குத் தெரியாத செய்தி இல்லை. ஆனாலும் வண்டியைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"எனுக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் நீ வண்டியத் திருப்பனதும் இப்பதான் சாவு வுயுந்தாப்ல கீது பாருண்ணே."

"வர்ற ஞாயித்துக்கெயம பதினாறு. வந்துடு."

"வராம? அப்பால எங்க போற?"

"நெட்டுக்குப்பம்."

"அந்த வூட்டுக்கா?" என்று எழுந்துவிட்டாள். "கூடப் பொறந்தவளுக்கு ஒரு துணி போட வக்கில்லாதவன் வாசல்ல நீ போயி நிக்கணுமா? அந்தப் பொண்ணு செல்வி கீறாளே, போன எடுத்துட்டு சரின்னு வெச்சாளாமே, கல்லு மனசு."

"சொல்றது நம்ம மொற. நிக்கத்தான் வேணும்."

"நல்லா நில்லு. இந்த வயசுல சைக்கிளு வேற. வயியில நீ பூட்டன்னா, உன் காரியத்துக்குச் சொல்ல நாங்க யார அனுப்பறது?"

அவள் அப்படித்தான் பேசுவாள். பேசிவிட்டுத் தெருமுனைக் குழாய் வரை கூடவே வந்து, என் துண்டை நனைத்துத் தலையில் போட்டுவிட்டாள். குழாய் அவள் வீட்டுத் தண்ணீர் இல்லை, அதனால் தப்பில்லை.

திருவொற்றியூரிலேயே இன்னும் இரண்டு வீட்டில் சொன்னேன். தேரடிப் பக்கம் ஒரு கடையில் மூன்று இட்லி, ஒரு வடை, டீ. அறுபது ரூபாய் ஆனது. கடலோரச் சாலையை விட்டுவிட்டு ரயிலில் வர நினைக்கிறவர்களுக்குத் திருவொற்றியூர் ஸ்டேஷன் வசதி. கும்மிடிப்பூண்டி லோக்கல் நிற்கும். சைக்கிளை ஏற்ற விடுவார்களா என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். என்னை ஒரு முறை விட்டார்கள், ஒரு முறை இறக்கிவிட்டார்கள்.

எர்ணாவூர் நெருங்கும்போது கன்டெய்னர் லாரி வரிசை தொடங்கியது. துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கிற வண்டிகள், ஒன்றன் பின் ஒன்றாக. நிற்கிற லாரிதானே என்று இடப்பக்கமாகப் புகுந்து போனேன். ஒரு லாரியின் ஓட்டுநர் கதவைத் தட்டிக் கூப்பிட்டார். சேலம் பக்கத்துப் பேச்சு.

"பெரியவரே, இந்தப் பக்கம் வராதீங்க. நீங்க என் கேபினுக்குக் கீழ வந்துட்டீங்கன்னா எனக்கு நீங்க இல்லவே இல்லீங்க. வரிசை நகுந்துச்சுன்னா சக்கரம் உங்க மேலதான் ஏறும்."

"நீங்க பாக்கறீங்களா இல்லியான்னு எனுக்கு எப்டி தெரியும்?"

"என் கண்ணாடியப் பாருங்க. அதுல என் மூஞ்சி தெரிஞ்சா நானும் உங்களப் பாக்கறேன்னு வெச்சுக்கங்க. மூஞ்சி தெரியலையா, இறங்கித் தள்ளிட்டுப் போங்க."

இந்தச் சாலையில் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய அறிவுரை என்னிடம் இல்லை. அன்றிலிருந்து நான் ஒவ்வொரு லாரியிலும் ஒரு முகத்தைத் தேடுகிறேன். முகம் தெரியாவிட்டால் இறங்கிவிடுகிறேன்.

அந்த வரிசை முடிகிற இடத்தில் பின் டயரில் கூரான இரும்புச் சிம்பு குத்தி ஏறியது. வேலைக்கு உதவாத இரும்புச் சீவல் லாரிகளிலிருந்து கொட்டிக்கொண்டே போகிறது, அதனால் சாலை ஓரத்தில் ஓட்டாதீர்கள். பஞ்சர் கடைக்காரர் டியூபை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா தாத்தா இது, டியூபே இல்லியே, ஒட்டு மேல ஒட்டாத்தான் கீது. இன்னொரு ஒட்டு எங்க போடுவேன், உன் நெத்தியிலயா?"

புது டியூப் போட்டு இருநூற்று இருபது ரூபாய் வாங்கினார். கிளம்பும் முன் வீட்டிலேயே நல்ல டியூப் மாட்டிக்கொண்டு, பழையதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். நான் செய்யாத வேலை அது.

எண்ணூரை நெருங்கினால் சாலை அமைதியாகிவிடுகிறது. வடக்கே அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் சட்டைக் கழுத்தில் சாம்பல் படியும், மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். பாறை மேல் ஒரு பலகையில் 'ஆழமான பகுதி, குளிக்காதீர்' என்று எழுதியிருந்தது. எத்தனையோ முறை இந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று பீடி குடித்திருக்கிறேன். அது என்ன சொல்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். காட்டுக்குப்பத்தில் ஒரு வீட்டில் சொல்லிவிட்டு நெட்டுக்குப்பத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதரை. ராயபுரத்திலிருந்து ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர்.

தெரு முனையில் தண்ணீர்த் தொட்டி. குடங்களுக்கு நடுவே செல்வி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"மாமா, நில்லு. வூட்டாண்ட போவாத."

நான் கோபமாகத்தான் இருந்தேன். "சொல்ல வந்தவன நடுத்தெருவுல நிறுத்தறியா?" என்றேன்.

"அப்பாவுக்குத் தெரியாது மாமா. அத்த செத்ததே தெரியாது."

சைக்கிளை விட்டு இறங்கினேன். அவள் குரலை அடக்கி வேகமாகச் சொன்னாள்.

"அதுக்கு மொத நாளுதான் அப்பாவ ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டாந்தேன். நெஞ்சுல ரெண்டு எடத்துல அடப்பு. அதிர்ச்சியா எதுவும் காதுல போடாதீங்க, தாங்க மாட்டாருன்னு டாக்டரு சொல்லி அனுப்பனாரு. காலையில சேகரு போனு. எனுக்குக் கையி காலு ஓடல. சரின்னு வெச்சிட்டேன். எங்க வூட்டுக்காரரும் கடலுக்குப் போயிருந்தாரு. அப்பாவ யார்கிட்ட வுட்டுட்டு வர்றது? அப்பால போன பாத்தாலே பயம் மாமா. தெனம் காலையில எயுந்ததும் அக்கா போன் பண்ணுச்சான்னு கேக்குது. லைனு கெடைக்கலன்னு சொல்லிகினு கீறேன்."

"இப்ப நான் இன்னா செய்யணும்ங்கற?"

"வா. உள்ள வந்து உக்காரு. ஒரு சொம்பு தண்ணி குடி. சும்மா பாக்க வந்தேன்னு சொல்லு. தண்ணி குடிச்சன்னா அப்பாவுக்குச் சந்தேகம் வராது. பதினாறுக்கு நான் வரேன், கோடி எடுத்துகினு நானே வரேன். எங்கப்பாவக் கொன்னுடாத மாமா."

சொல்வது என் முறை. ஆனால் ஒரு மனிதனின் உயிரைவிட முறை பெரிதா? எழுபத்தொரு வயதில் நெஞ்சு வலி என்றால் என்ன என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். சரி என்றேன். பேசிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் கூட நடந்தேன்.

வேதாசலம் முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தே இருந்தது. என்னைவிட நான்கு வயது மூத்தவர். படகில் நங்கூரக் கயிற்றை ஒற்றைக் கையால் இழுத்த மனிதர், இப்போது சட்டைக்குள் பாதி ஆளாக இருந்தார். முகம் மட்டும் மலர்ந்தது.

"ஏய் ஏயுமல! இன்னாடா இது, கெயவனாயிட்ட!"

"நீ மட்டும் கொமரனா மச்சான்?"

"சைக்கிள்லயா வந்த? இம்மாந் தூரமா? எயுதப் படிக்கக் கத்துக்கினியாமே, அக்கா சொல்லுச்சு. எங்க, இத படி பாக்கலாம்," என்று ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார்.

"இது இங்கிலீசு மச்சான். நான் இன்னும் அந்தப் பக்கம் போவல."

சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. செல்வி அவர் முதுகைத் தடவிவிட்டு, உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பார்க்கும்படி அண்ணாந்து குடித்தேன். செல்வி பெருமூச்சு விட்டாள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"உக்காந்துட்ட. தண்ணியும் குடிச்சிட்ட," என்றார். "வண்டிய மட்டும் ஏன்டா ஊரப் பாத்துத் திருப்பி வெச்சிக்கீற?"

திரும்பிப் பார்த்தேன். என் சைக்கிள் முன் சக்கரம் ராயபுரத்தைப் பார்க்க, ஸ்டாண்டு போட்டு நின்றது. எப்போது திருப்பினேன் என்று எனக்கே தெரியாது. விடிந்ததிலிருந்து நான்கு வாசல். செல்வி பேச்சில் மனம் இருந்தபோது கை அது பாட்டுக்குப் பழக்கத்தைச் செய்துவிட்டது.

"அக்காவா?" என்றார்.

அவர் கை மெதுவாக நெஞ்சுக்குப் போனது. செல்வி பாய்ந்து வந்து நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்து, "மூச்சு வுடுப்பா, மெதுவா வுடு," என்று அவரைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். கடலில் புயலைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் பயந்ததுபோல் நான் எப்போதும் பயந்ததில்லை. அவருடைய மூச்சு சீராகி, கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அழுகிற மனிதன் பிழைத்துக்கொள்வான் என்று தோன்றியது.

நாற்காலியை விட்டு எழுந்தேன். வாசலுக்கு வெளியே போய், முறைப்படி நின்றேன்.

"மச்சான், அஞ்சல அண்ணி பூட்டாங்க. வர்ற ஞாயித்துக்கெயம பதினாறு."

தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "கோடி யாரு போட்டாங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லலாம். ஆனால் வாசலில் நின்று சொல்கிற இடத்தில் பொய் சொல்லக் கூடாது.

"யாரும் போடல மச்சான். பொயுது சாயற வரிக்கும் உனுக்காக வெச்சிருந்தோம்."

செல்வி அழ ஆரம்பித்தாள். "நான்தான்ப்பா. போன் வந்துச்சு. நான்தான் சொல்லல."

அவர் அவள் தலையில் கையை வைத்தார். திட்டவில்லை. "நீ என்னியப் பாத்துக்கின. சரி. எங்கக்காவ யாரு பாத்தா?" என்றார். அவ்வளவுதான். பிறகு, "நான் வரேன். கோடி எடுத்துகினு நான்தான் வருவேன்," என்றார்.

"டாக்டரு நடக்கவே கூடாதுன்னாருப்பா."

"டாக்டருக்கு அக்கா கீதா, கேளு."

போய் வருகிறேன் என்று சொல்லாமல் கிளம்பினேன்.

திரும்பும் வழியைப் பற்றி எழுத வேண்டியது: வெயில் ஏறினால் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். வடக்கே போகும்போது உதவி, தெற்கே திரும்பும்போது எதிரி. போக இரண்டு மணி நேரம் மிதிக்கிற வழிக்குத் திரும்ப மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவது உத்தமம். முடியாவிட்டால் எங்காவது நிழலில் உட்கார்ந்து, நாலு மணிக்கு மேல் வாருங்கள். நான் உட்காரவில்லை. காற்றோடு மல்லுக்கட்டி, இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு, மதியம் ஒன்றரைக்கு ராயபுரம் வந்தேன். வழியில் ஒரு பலகையைக்கூடப் படிக்கவில்லை.

சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நான் அந்தப் பொண்ண இன்னான்னா பேசிட்டேன் சித்தப்பா," என்றான். அதற்கடுத்த நான்கு நாளும் செல்போன் அடித்தால் யார் பெயர் என்று இரண்டு முறை படித்த பிறகுதான் எடுத்தேன். அந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால், என் சைக்கிள்தான் காரணம். செல்வியின் பயம் எப்படிப்பட்டது என்று எனக்கு அந்த நான்கு நாளில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்டோ வந்தது. வேதாசலம், செல்வி, அவள் வீட்டுக்காரர். எங்கள் வழக்கப்படி பிறந்த வீட்டார் காரியம் நடக்கிற கடற்கரை வரை வண்டியில் வரக் கூடாது. தெரு எல்லையில் இறங்க வேண்டும், நாங்கள் எதிர்கொண்டு போய் நடத்திக் கூட்டிவர வேண்டும். எல்லையிலிருந்து கடற்கரைக்கு முந்நூறு மீட்டருக்குக் குறையாது. அவர் இறங்கி நாலு அடி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். உதடு வெளுத்துவிட்டது.

நான் சைக்கிளைக் கொண்டுவந்தேன். கேரியரில் சாக்கை மடித்துப் போட்டேன். ஒரு பெரியவர், "சைக்கிளும் வண்டிதானப்பா, மொற தப்பாது?" என்றார். கன்னியம்மா பின்னாலிருந்து கத்தினாள்.

"அவுரு காலு தரையில படலன்னா இன்னா? தள்ளறவன் காலு படுதுல்ல? அது நடதான். வயிய வுடுய்யா!"

கேட்ட பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். வேதாசலம் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்தார். மடியில் தாம்பாளம், அதில் மஞ்சள் தடவிய கோடிப் புடவை. செல்வி அவர் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளினேன். பறை மேளம் முன்னால் போனது. சீட்டைப் பிடித்துத் தள்ள இன்னொரு கை வந்தது. பார்த்தால் சேகர். செல்வியும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆளைக் கேரியரில் உட்கார வைத்து மணலுக்குள் கொண்டு போகிறவர்கள் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், சக்கரம் புதையாது. நான் இறக்கியிருந்தேன்.

கடற்கரையில் அண்ணிக்காகக் கல் நட்டிருந்தார்கள். வேதாசலத்தை இறக்கி அதன் முன்னால் உட்கார வைத்தோம். அவர் புடவையை உதறிப் பிரித்தார். பச்சைப் புடவை, அரக்குக் கரை. ஒரு ஆளாக விரித்ததில் ஒரு பக்கம் சுருண்டு விழுந்தது. சேகர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னாடா பாத்துகினு நிக்கற?" என்றார் வேதாசலம். "அந்த ஓரத்த இஸ்து வுடு. எங்கக்காவுக்கு சுருக்கம் இருந்தா புடிக்காது."

சேகர் குனிந்து ஓரத்தைப் பிடித்தான். மறு ஓரத்தைச் செல்வி பிடித்தாள். இருவரும் சேர்ந்து இழுத்துச் சரி செய்தார்கள்.